முன் சீட்டு

பிரிக்பீல்ட்ஸில் கனகசபை கிராணியாரைத் தெரியாதவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, ரயில்வேயில் குப்பை கொட்டி, பிறகு விமானக் கிளப்பில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாகச் சேர்ந்தவர். படித்தவர், வெளுத்த கோட்டுப் போட்டவர், ஒரு சுருட்டுகூடப் பிடிக்காதவர். ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். அடுத்தவனுக்கு ஒரு நல்லது நடந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

கூட வேலை பார்த்த ஒருவருக்கு ஸ்டேஷன் மாஸ்டர் உத்தியோகம் கிடைத்தபோது மூன்று நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் ரேடியோப் பெட்டி வாங்கியபோது, அந்தப் பெட்டியின் சத்தத்தில் தலை வலிக்கிறது என்று ஜன்னலை அடைத்துவிட்டார். வெயில் காலம். வீட்டுக்குள்ளே வெந்ததுதான் மிச்சம். அவர் மனைவி தங்கரத்தினம் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனவள். இன்றைக்கு யாருக்கு என்ன கிடைத்தது என்று அவர் செருப்புக் கழற்றும் தோரணையிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

கிளப்பில் கனகசபையின் வேலை சின்னதுதான், ஆனால் அதிகாரம் பெரிசு. சிங்கப்பூரிலிருந்தும் போலீசிலிருந்தும் வானோட்டிகளுக்கான அறிவிப்புகள் வரும். இன்ன நாளில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் கடலோரம் பீரங்கிப் பயிற்சி, அந்தப் பக்கம் வராதே. இன்ன மைதானத்தில் கிழக்கு மூலை சேறு, அங்கே இறக்காதே. அதையெல்லாம் தட்டச்சு செய்து பலகையில் குத்தி, சுவரிலிருந்த படத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவது அவர் பொறுப்பு. விமானம் எடுக்க வருகிறவன் எவ்வளவு பெரிய துரையாக இருந்தாலும் முதலில் பலகைக்கு முன்னால் நின்று படித்து, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வட்டத்துக்குள் போக ஆசைப்பட்டு வருகிற துரையிடம் “இன்றைக்கு அந்தப் பக்கம் இல்லை, சார்” என்று சொல்லும்போது கனகசபையின் உள்ளங்கால்வரை குளிர்ந்துபோகும். பறக்கிறவர்களைத் தரையில் உட்கார வைப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஏன் இருக்காது? இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. கிளப் விமானங்களில் முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு. ஓட்டுகிறவர் பின்னால். முன் சீட்டு பெரும்பாலும் காலி. அதில் உட்காருகிறவர் மாட்டிக்கொள்ளும் தோல் தொப்பியும் கண்ணாடியும் கனகசபையின் அலமாரியில்தான் இருந்தன. அவர்தான் துடைப்பார், அவர்தான் எண்ணெய் போடுவார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மாட்டிப் பார்த்ததும் உண்டு. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் செக்ரட்டரி துரை அவர் தோளில் தட்டி, அடுத்த வருஷம் உன்னை ஒரு சுற்றுக் கூட்டிப் போகிறேன் என்பார். அடுத்த வருஷம் வரும், துரையும் தோளில் தட்டுவார். வாயைத் திறந்து கேட்கக் கனகசபைக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் ராதாகிருஷ்ணன் விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கினான்.

ராதாகிருஷ்ணன் யார்? பவுனம்மாள் மகன். பவுனம்மாள் யார்? பிரிக்பீல்ட்ஸில் நாலு மாட்டை வைத்துக்கொண்டு கனகசபை வீட்டுக்குப் பால் ஊற்றியவள். மாடு லோரியாகி, ஒரு லோரி ஏழு லோரியாகி, தோட்டத்து ரப்பரெல்லாம் அவர்கள் லோரியில்தான் ஸ்டேஷனுக்குப் போயிற்று. மகன் கையில் காசு புரண்டது. கிளப்பில் பணம் கட்டிப் பழகினான். துரைமார் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அவர்களுக்கெல்லாம் சேர்த்துக் கனகசபையும் சுளித்தார். பால் செம்போடு தன் வீட்டுப் பின்வாசலில் நின்ற பையன், தன் தலைக்கு மேலே பறக்கிறான். அந்த இயந்திரச் சத்தம் கேட்டாலே அவருக்குக் காது சிவந்துவிடும். அவனோ இவர் மேல் ஒரு வஞ்சமும் இல்லாமல், பார்க்கும்போதெல்லாம் “கிராணி ஐயா” என்று கும்பிட்டான். அது இன்னும் எரிந்தது.

அந்த வருஷம் பங்குனி உத்தரத்துக்குக் கிள்ளான் முருகன் கோயில் தேர் மேல் வானத்திலிருந்து பூப்போடப் போவதாக ராதாகிருஷ்ணன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பிரிக்பீல்ட்ஸ் முழுக்க இதே பேச்சு. கனகசபை கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். சும்மா இருந்ததற்குக் காரணம் இருந்தது.

போன வருஷத் தேரன்று யாரோ ஒரு தோட்டத்துத் துரை வேடிக்கை பார்க்கத் தாழப் பறந்து, வண்டி மாடுகள் மிரண்டு ஓடி, ஒரு சர்பத் கடை சாய்ந்தது. அதனால் இந்த வருஷம் தேர் நாளில் கிள்ளானைச் சுற்றி இரண்டு மைலுக்குள் விமானம் வரக்கூடாது என்று போலீசிலிருந்து கேட்டிருந்தார்கள். தேர் என்றைக்கு என்று செக்ரட்டரி துரைக்குத் தெரியாது. கனகசபையைக் கூப்பிட்டு, உங்கள் ஆட்கள் பண்டிகைதானே, நாளைக் குறித்து நீயே அறிவிப்பைப் போட்டுவிடு என்றார்.

வெல்லக்கட்டி தானாக வாயில் வந்து விழுந்தது. அன்று சாயந்தரம் கனகசபை வீட்டுக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். உத்தரம் புதன்கிழமை. மறுநாள் புதன்கிழமையைப் போட்டுப் பலகையில் குத்தினார். படத்தில் கிள்ளானைச் சுற்றி அவர் போட்ட சிவப்பு வட்டம் அந்தச் சுவரிலேயே ஆகப் பெரிய வட்டம்.

இரண்டு நாள் கழித்து ராதாகிருஷ்ணன் வந்தான். பலகை முன் நின்று நிதானமாகப் படித்தான். முகம் சுருங்கும் என்று கனகசபை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவனோ சிரித்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினான்.

“ஐயா, உங்க மனசு எனக்குப் புரியுது. முன் சீட்டு காலியாத்தான் இருக்கு. நீங்கதான் வந்து பூப்போடணும்.”

கனகசபை கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். எத்தனையோ வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வி. ஆனால் கேட்டது யார்? அதுவும் தடை போட்ட நாளில் பறக்கப் போகிறேன் என்று நிற்கிற முட்டாள். ஆளை மடக்கிப் பிடித்துவிட்ட ஆனந்தத்தில், தனக்கு ஆபீஸ் வேலை இருக்கிறது, பூப்போட வேறு ஆள் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அவன் முகம் உண்மையாகவே வாடியது. அதையும் கனகசபை லாபக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

புதன்கிழமை விடிந்தது. கனகசபை காலையில் தங்கள் ஆட்களின் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். அன்றைக்கு மேகமே இல்லை. ராதாகிருஷ்ணன் மைதானத்துப் பக்கமே வரவில்லை. சாயந்தரம் வரை வானம் காலியாகக் கிடந்தது. அவ்வளவு அழகான வானத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது வாய்க்குள்ளே தேவாரம் ஓடியது.

பவுனம்மாள் வீட்டைத் தாண்டும்போதுதான் கால் நின்றது. முற்றம் நிறையப் பாயை விரித்துப் பெண்கள் உட்கார்ந்து செவ்வந்தியை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். சாக்குச் சாக்காகப் பூ. பவுனம்மாள் எழுந்து வந்து கையைக் கூப்பினாள்.

“நாளைக்குத் தேருங்க. நீங்க புதன்கிழமைன்னு போட்டு வியாழக்கிழமைய எங்களுக்குத் திறந்து விட்டுட்டீங்கன்னு தம்பி சொல்லிச்சு. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்.”

கனகசபைக்குத் தரை நழுவியது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கமும் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கமும் சில வருஷங்களில் ஒரு நாள் முன்னே பின்னே நிற்கும் என்று அவருக்குத் தெரியாதா? அதைப் பற்றி எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறார். அவர்கள் கணக்குத் தப்பு, எங்கள் கணக்குத்தான் சரி என்று கத்தியே தொண்டை கட்டியிருக்கிறார். கிள்ளான் கோயில்காரர்கள் அந்தத் தப்புக் கணக்கின்படிதான் தேர் இழுப்பார்கள் என்பது மட்டும், நாள் குறித்தபோது அவர் புத்தியில் வரவேயில்லை. உத்தரம் என்றால் உத்தரம். அவருக்கு அது ஒன்றுதான்.

விடிந்தும் விடியாமலும் கனகசபை மைதானத்துக்குப் போய்விட்டார். இன்னும் நேரம் இருந்தது. துரையிடம் ஒரு வார்த்தை போதும். தேர் நேற்றில்லை, இன்றைக்கு, தடையை ஒரு நாள் நீட்டுங்கள். துரை கையெழுத்துப் போட்டால் ராதாகிருஷ்ணன் சாக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். துரையின் கதவுக்கு முன்னால் போய் நின்றார். கதவைத் தட்டக் கையையும் தூக்கினார்.

அப்போதுதான் துரை கேட்கப்போகிற கேள்வி அவருக்குக் கேட்டது: அப்படியானால் நீ தப்பான நாள் சொன்னாயா? ஆமாம் என்று எப்படிச் சொல்வது? யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் தப்பு என்று, அதுவும் வெள்ளைக்காரனிடம், அதுவும் பால்காரி வீட்டு நாள்தான் சரி என்று தன் வாயாலேயே சொல்வதா? தூக்கின கை அப்படியே நின்றது. பிறகு கோட்டுப் பொத்தானைச் சரிசெய்கிற மாதிரி கீழே இறங்கியது.

திரும்பினால் ராதாகிருஷ்ணன் நின்றான். பின்னால் பக்கிரிசாமி இரண்டு பூச்சாக்கைச் சுமந்துகொண்டு நின்றான். பக்கிரிசாமி விமானக் கொட்டகையைக் கூட்டுகிற ஆள், தலை நரைத்தவன். பயத்தில் அவன் வேட்டி படபடவென்று ஆடியது.

ராதாகிருஷ்ணன் இன்னொரு தடவை கேட்டான். “இன்னும் ஒண்ணும் ஆகலைங்க ஐயா. நீங்க வரேன்னு சொன்னா பக்கிரி அண்ணன் இறங்கிக்குவாரு. அவருக்கும் பயமாத்தான் இருக்கு லா.”

பக்கிரிசாமி அவசரமாகத் தலையாட்டினான். கனகசபை மைதானத்தைப் பார்த்தார். விமானம் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றது. முன் சீட்டின் சின்னக் கதவு திறந்து தொங்கியது. போகலாம். நாலு எட்டு நடந்தால் போதும். அவர் ஒரு காலை முன்னே வைக்கவும் வைத்தார். ஆனால் பவுனம்மாள் மகன் ஓட்ட, அவன் தயவில், அவன் தேருக்கு, அவன் நாளில் தான் பூப்போடுவதா? பிறகு பிரிக்பீல்ட்ஸில் எப்படி முகம் காட்டுவது?

“எங்கட உத்தரம் நேற்றோடை முடிஞ்சுது” என்றார்.

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ராதாகிருஷ்ணன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கனகசபை அலமாரியைத் திறந்து, தான் துடைத்துத் துடைத்து வைத்த தொப்பியை எடுத்து, பக்கிரிசாமியின் நரைத்த தலையில் தானே மாட்டினார். வாரைத் தாடைக்குக் கீழே இழுத்துப் பூட்டினார். கொஞ்சம் இறுக்கமாகவே பூட்டினார்.

பலகையில் இன்றைக்குத் தடை எதுவும் இல்லை. அதையும் அவரே எழுதிக் கையெழுத்து வாங்கினார். விமானம் ஓடி எழும்பி, ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு கிள்ளான் பக்கம் போயிற்று. புள்ளியாகி மறையும்வரை கனகசபை பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை. வெயிலில் கண் கூசியது, அவ்வளவுதான் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்றைக்குக் கிள்ளானில் நடந்ததை வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ராதாகிருஷ்ணன் மேலேயே இயந்திரத்தை அடக்கிவிட்டுச் சத்தமில்லாமல் வழுக்கி வந்தானாம். ஒரு மாடு மிரளவில்லையாம். தேரின் கும்பத்திலிருந்து கீழே குழந்தைகள் தலைவரை மஞ்சள் பூவாம். கனகசபை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

இருட்டுகிற நேரத்தில் பக்கிரிசாமி தொப்பியையும் கண்ணாடியையும் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். அவன் கழுத்தில் கோயில் மாலை. கனகசபை அவனை உட்காரச் சொன்னார். தங்கரத்தினம் கோப்பி கொண்டு வந்து வைத்தாள். கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கனகசபை கடைசியில் கேட்டே விட்டார்.

“மேலையிருந்து பாக்க எப்பிடி இருந்தது? கிள்ளான் ஆறு தெரிஞ்சதோ? கடல் தெரிஞ்சதோ?”

பக்கிரிசாமி வெட்கத்தோடு சிரித்தான்.

“தெரியலீங்க ஐயா. ஏறினப்ப மூடின கண்ணு, இறங்கினப்பதான் திறந்தேன். தம்பி முதுகில தட்டுச்சு, நான் சாக்கைக் கவுத்தேன். அவ்வளவுதான்.”

கோப்பியைக் குடித்துவிட்டு அவன் போய்விட்டான். கனகசபை கண்ணாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அதில் அழுக்கு ஒன்றுமில்லை. தங்கரத்தினம் தூணில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் போயிருந்தால் கண்ணைத் திறந்து பாத்திருப்பியள்” என்றாள்.

கனகசபை துடைப்பதை நிறுத்தவில்லை. “சோத்தைப் போடும்” என்றார். போட்டாள். அன்றைக்கும் இறங்கவில்லை.