பன்னிரண்டு பவுண்டர் எட்டும் தூரம்

சனிக்கிழமை காலை ஜெயசீலன் அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தவுடனே, "மழை வந்தாலும் நாளைக்கு வந்துடுங்கண்ணா, டேபிள் ரெடி" என்றேன். மறுமுனையில் பேசியது அவருடைய மனைவி. "அவர் போய்ட்டார் தம்பி" என்றார். விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

ஆம்பூரில் அடக்கத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவருடைய ஷூ கம்பெனி ஆட்கள். "நீங்க எந்த செக்‌ஷன் சார்?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். "ஃப்ரெண்டு" என்று மட்டும் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சா மனுஷன் கண்ணுலயே பட மாட்டார் சார். எங்க போவாரோ" என்றார் அவர். என் வீட்டுக்குத்தான் வந்தார் என்று சொல்ல அங்கே வாய் வரவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு அந்த ஞாயிறுகளை இப்போது சொல்கிறேன்.

மணிக்கட்டில் அடிபட்டு எக்ஸ்ரேவுக்கு வந்தபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். பையில் இருப்பதை எடுக்கச் சொன்னதும், சாவியோடு கட்டைவிரல் அளவில் ஓர் ஈயப் பீரங்கியையும் எடுத்து வைத்தார். நெப்போலியன் காலத்துப் பீரங்கி. "எட்டு பவுண்டரா?" என்று கேட்டேன். வலியையும் மறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பன்னெண்டு. சக்கரத்தைப் பாரு தோஸ்த்" என்றார். கல்லூரி நாளிலிருந்து அந்தக் காலத்துப் போர்களைப் படித்துக்கொண்டும், பொம்மைச் சிப்பாய்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் தனியாகவே கிடந்தவன் நான். இப்படி இன்னொரு கிறுக்கர் பக்கத்து ஊரிலேயே இருப்பார் என்று கனவிலும் நினைத்ததில்லை.

அடுத்த ஞாயிறே என் சாப்பாட்டு மேசை போர்க்களமாயிற்று. பிரெஞ்சுப் படை எனக்கு, ஆஸ்திரியப் படை அவருக்கு. விதிகளை நாங்களே எழுதினோம். எறியும் குண்டின் எடைதான் பீரங்கியின் பெயர். ஆறு பவுண்டர் சிறியது, பன்னிரண்டு பெரியது; பன்னிரண்டுகள் என் படையில்தான் இருந்தன. பெரியதற்கு உருட்டும் பகடைகள் கூட, குண்டு எட்டும் தூரமும் கூட என்றேன் நான். அவர் தலையை ஆட்டினார். "பெரிய பீரங்கி பலமா அடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதை இழுத்துட்டுப் போற குதிரைய எவன் நெனைக்கிறான்?" என்றார். அதனால் பன்னிரண்டு பவுண்டரை நகர்த்தினால் அந்த முறை சுட முடியாது என்று விதி வந்தது. அந்த விதியால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

தூரம் அளக்க அவர் கம்பெனியில் கழித்துப்போட்ட தோலில் பட்டைகள் வெட்டி வந்தார். ஒவ்வொரு அளவுப் பீரங்கிக்கும் ஒன்று. சுடுகிறவன் ஒரு முனையைப் பீரங்கி வாயில் அழுத்திப் பிடிக்க வேண்டும்; மறுமுனையை எதிராளிதான் தன் சிப்பாய்கள் வரைக்கும் இழுக்க வேண்டும். "அடி வாங்கறவன்தான் அளக்கணும். அப்பதான் பின்னால முணுமுணுப்பு இருக்காது" என்பார்.

ஒரு மழைக்காலம் முழுக்க என் பன்னிரண்டு பவுண்டர்கள் அவர் படையை நார் நாராகக் கிழித்தன. விதியில்தான் கோளாறு என்று பகடையைக் குறைத்தோம். உடனே அதற்கும் எட்டு பவுண்டருக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று. திரும்பக் கூட்டினோம். வாரக்கணக்கில் இதே பஞ்சாயத்து. கடைசியில் ஒரு நாள், வேறெதற்கோ எடுத்த இரும்பு ஸ்கேலைத் தற்செயலாகப் பன்னிரண்டு பவுண்டர் பட்டையின் பக்கத்தில் வைத்தேன். வெட்டிய அளவைவிடப் பட்டை இரண்டு விரற்கடை நீண்டிருந்தது.

அவர் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. "இன்னா தோஸ்த் இது, ஆயுசு பூரா கட்டிங் செக்‌ஷன்ல நின்னவன் வயித்துத் தோல்ல போய் அளவு வெட்டியிருக்கேன்" என்றார். மாட்டின் முதுகுத் தோல் அவ்வளவாக நீளாது, வயிற்றுத் தோல் இழுக்க இழுக்க நீளும். ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவ்வளவு நீளத்துக்குக் கழிவில் அதுதான் கிடைத்ததாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பீரங்கிப் பட்டையை இழுத்தவர் அவர். தளர விட்டிருந்தால் எட்டாமல் போயிருக்கும். அவருடைய சிப்பாய்கள் பிழைத்திருப்பார்கள். வாரா வாரம் தன் ஆட்களைத் தானே கொன்றுகொண்டிருந்திருக்கிறார். பழைய அளவுக்கு வெட்டிவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன்.

"வேணாம், கத்திரிய வை. நீ தோத்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவே. ஜெயிச்சாதான் அடுத்த ஞாயிறும் வான்னு சொல்லுவே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என்னைப் பார்க்காமல் சொன்னார். கம்பெனியில் அத்தனை பேருக்கு நடுவே வேலை செய்தவருக்கும் அந்த ஞாயிறு எனக்குப் போலவே வேண்டியிருந்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

அடக்கம் முடிந்ததும் அவருடைய மனைவி ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஆஸ்திரியப் படை, துணியில் சுற்றி வைத்திருந்தது. "எனக்கு இதுல ஒண்ணும் புரியாது தம்பி. உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

போன ஞாயிறு இரண்டு படைகளையும் மேசையில் நிறுத்தினேன். பட்டையின் ஒரு முனையைப் பீரங்கி வாயில் அழுத்தினேன். சுருட்டியே வைத்திருந்த தோல், மறுமுனை சுருண்டுகொண்டது. எழுந்து அந்தப் பக்கம் போய் இழுத்தேன். இந்த முனை பீரங்கியை விட்டு வந்துவிட்டது. வேறு யாரிடமாவது இதைப் பிடிக்கச் சொல்லலாம் என்றால், இந்த ஊரில் யாரைப் போய்க் கேட்பது?

முனையின் மேல் ஒரு டம்ளரை வைத்தால் போதும், நிற்கும். எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் தன் கையால் இழுத்து நீட்டியதென்று எனக்கு மிஞ்சியிருப்பது அந்த இரண்டு விரற்கடைத் தோல். அதை வெட்டவில்லை. பன்னிரண்டு பவுண்டர்களும் இன்னும் சுடவில்லை.