பத்தாவது ஊசி

செய்யூர்ப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் வசுமதி இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். அவள் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால், குழந்தையில் அவளிடம் ஊசி போட்டுக்கொண்ட மீசைக்காரர்கள்கூடத் தொடையைத் தடவிக்கொள்வார்கள். ஆடுகள் வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளியும். நம்பாவிட்டால் போங்கள், ஏழு ஆடு, நானே எண்ணினேன்.

கொரோனா இரண்டாம் அலை வந்த சித்திரையில் ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு. அன்று வந்தது ஒரே குப்பி, பத்துப் பேருக்கு. திறந்துவிட்டால் நாலு மணி நேரம், மிஞ்சினால் குப்பைக்கு. ரேஷன் கடை வழக்கப்படி விடியும்போதே வரிசையில் செருப்புகள் கிடந்தன. செருப்பு இருந்தால் ஆள் இருந்த மாதிரி.

பத்தாவது செருப்பு பன்னீர்செல்வத்துடையது. இரண்டு சிறுநீரகமும் பழுது. அன்று செங்கல்பட்டில் டயாலிசிஸ்.

"எடம் இருக்குமாம்மா?"

"இருக்கும், போயிட்டு வாங்க" என்றாள் வசுமதி. அவர் வெறுங்காலோடு பஸ் ஏறினார்.

மருந்துப் பெட்டி தாமதமாக வந்தது. பத்து மணிக்குக் குப்பியைத் திறந்தாள். ஒன்பது பேருக்குப் போட்டாயிற்று. ஒன்றே முக்காலுக்குப் பன்னீர்செல்வத்துக்குப் போன் செய்தாள்.

"மதுராந்தகம் தாண்டிட்டேம்மா, வந்துகினே கீறேன்."

பதினோராவதாக உட்கார்ந்திருந்த வேண்டா என்ற மீன்காரி எழுந்தாள். வயது அறுபத்திரண்டு.

"இன்னா வசுமதிம்மா, செருப்புக்கா ஊசி போடப் போற? ஆளு நான் உசுரோட குந்திகினு கீறேன். தெனம் நூறு வூட்டு வாசப்படி ஏறி எறங்கறேன்."

வசுமதி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வேண்டாவுக்குப் போட்டாள்.

இரண்டு இருபதுக்குப் பன்னீர்செல்வம் வந்தார்.

"யாருக்கும்மா போட்ட?"

"வேண்டாவுக்கு."

"வுடு. அவளும் மனுஷிதானே." செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த குப்பி வரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. பதினாறாம் நாளே அவரைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். வசுமதி அழவில்லை. வீட்டுக்குப் போய் அவர் மனைவி முனியம்மாவுக்குக் காய்ச்சல் பார்த்தாள், எழுதிக்கொண்டாள், வந்துவிட்டாள்.

குப்பி வந்த அன்று வரிசையைப் பார்க்கவில்லை. ஆள் அனுப்பி முனியம்மாவை வரவழைத்து முதல் ஊசியை அவளுக்குப் போட்டாள். முனியம்மா கையை நீட்டினாள்.

"வலிக்குதா?"

முனியம்மா தன் தோளைப் பார்த்தாள்.

"தெரியலம்மா. போட்டுட்டியா?"

"போட்டுட்டேன். அரை மணி நேரம் அங்க உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். வசுமதி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.