எங்கள் வீட்டு விலாசம்

சேவியர் அண்ணே, நான் செய்த தப்பை இன்றைக்கு எல்லாரிடமும் சொல்லப்போகிறேன்.

மழையில் வீடு இடிந்து, திருவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கிடந்தார் கான்சாபுரத்து முத்தையா. ஆதார் கார்டும் மழையோடு போய்விட்டது. புதுக் கார்டு வாங்கலாம் என்றால், தபால் வந்து சேர வீடு இல்லை. கார்டு இல்லாதவரை எந்த மில்லும் வேலைக்கு எடுக்கவில்லை. நீதான் ராஜபாளையத்து நம் வீட்டு விலாசத்தைக் கொடுத்தாய்.

"தெருவுல கெடக்குறவனுக்கு நம்ம விலாசமா? நாளைக்குப் பங்கு கேட்டு வந்து நிப்பான்" என்று உன்னோடு சண்டை போட்டேன். தபால்காரர் கார்டைக் கொண்டுவந்தபோது, "அப்படி யாரும் இங்க இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

நீ திட்டவில்லை. "ஏட்டி, அவருக்கு இருக்கறதே இந்த ஒரு வாசல்தான்" என்றாய். போஸ்ட் ஆபீசுக்கே போய்க் கார்டை வாங்கி அவரிடம் கொடுத்தாய்; அவருக்கு மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது.

பிறகு காய்ச்சலில் நீ எங்களை விட்டுப் போனாய். உன் சவப்பெட்டியைத் தூக்கும்போது, மில் வாட்ச்மேன் உடுப்பில் ஒருவர் ஓடிவந்து தோள் கொடுத்தார்.

"நீங்க யாருய்யா?" என்றார் சித்தப்பா.

அவர் தயங்கினார். நான் முந்திக்கொண்டேன்.

"முத்தையா அண்ணன். எங்க வீட்டு ஆளு, சித்தப்பா."

அவர் இப்போது சொந்தமாக வாடகை கட்டி ஒரு வீட்டில் இருக்கிறார். உனக்குத் தங்கையாகப் பிறந்ததில் எனக்கு அம்புட்டுப் பெருமை அண்ணே.

என் சேவியர் அண்ணனுக்காக எல்லாரும் கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணுங்கள்.