பெயரைக் கேட்டது என் தப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் புதுக்கோட்டையில் கல்லூரி ஆசிரியனாக இருந்தேன். பொருளாதார வகுப்பு என்று பெயர். நான் நடத்தியது சமூகவியல். ஊரைப் பார்க்காமல் சமுதாயத்தைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு என்று சொல்லி, மாணவர்களைக் கேள்வித்தாளோடு கிராமங்களுக்கு அனுப்பினேன். தாளில் முதல் கேள்வியே பெயர். அதைப் போட்டவன் நான்.

அரிமளம் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போன மாணவன் கெட்டிக்காரன். ஊருணியில் தண்ணீர் எடுக்க விடுவார்களா என்று சேரியில் ஒருவரிடம் கேட்டிருக்கிறான்.

"எறங்க விடமாட்டாங்க தம்பி. யாராச்சும் மனசு வச்சு ஊத்துனா உண்டு."

பெயரோடு அப்படியே எழுதிக்கொண்டான். சேரிப் பெண்கள் ஊருணிக் கரையில் காலிக் குடத்தோடு காத்து நின்றதையும் பார்த்தான். மத்தியானச் சாப்பாடு ஊர்த் தலைவரான அம்பலக்காரர் வீட்டில். சேரிக்குப் போய் வந்தவன் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றார்கள். அதையும் எழுத வேண்டும் என்று இவனுக்குத் தோன்றவில்லை. தாள்களை வாசலிலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அம்பலக்காரர் எடுத்துப் படித்தார். மறுநாளிலிருந்து அந்த மனிதரை எந்த வயலுக்கும் கூப்பிடவில்லை.

செய்தி தெரிந்ததும் மாணவனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"தப்பு என்னுது. அவரை வேலைக்குக் கூப்பிடுங்க" என்றேன்.

அம்பலக்காரர் சிரித்தார். "வாத்தியாரய்யா, நீங்க பாடத்தை நடத்துங்க. ஊரை நாங்க நடத்திக்கிறோம். பொய் சொல்லிப்புட்டேன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே வேலை."

ஆளனுப்பி அந்த மனிதரை வரவழைத்தார். அவர் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார்.

மாணவன் என் காதருகே குனிந்தான். "சார், சொல்லிரச் சொல்லுங்களேன். ஒரு வார்த்தைதானே?"

அது வெயிலில் நின்றவர் காதிலும் விழுந்துவிட்டது. "ஏன் தம்பி, நான் சொன்னது பொய்யா? நீங்களும் பாத்தீங்கள்ல?"

மாணவன் எனக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். நான்தான் பதில் சொன்னேன். "அவர் சொன்னது நிசம். பொய்யின்னு சொல்லச் சொல்லி நான் கேக்க மாட்டேன்."

அத்தோடு அவருக்கு அந்த ஊரில் வேலை இல்லை என்று ஆனது. நான் அப்படிச் சொன்னது சரிதான். ஆனால் உண்மையைப் பேசிய பெருமை எனக்கு, பட்டினி அவருக்கு என்று விட்டுவிட முடியுமா? அலைந்து திரிந்து, விராலிமலைப் பக்கம் ரோடு போடும் வேலையில் அவரைச் சேர்த்துவிட்டேன். பெண்டு பிள்ளைகளோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

நல்லபடியாக முடிந்தது என்றார்கள் கல்லூரியில். என்ன நல்லது? ஒரு கேள்வி கேட்டு ஒரு குடும்பத்தை ஊரைவிட்டே கிளப்பியிருக்கிறோம். அடுத்த வருஷம் முதல் வகுப்பில் இதைத்தான் நடத்தினேன், என் தப்பையும் சேர்த்து.