மூன்றாவது தூண்

பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன்மேல் மண்டியிட்டு, கண்காட்சிக் கூடத்தின் சிமெண்ட் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார் அவர். கதவு திறக்க இன்னும் முக்கால் மணி நேரம். டேப்பைப் பல்லால் கடித்துத்தான் கிழிப்பார். கத்தரிக்கோல் சட்டைப் பையில் சும்மா கிடக்கும். ஸ்டாலுக்கு முன்னால் தொடங்கி, முதல் தூண், இரண்டாவது தூண், மூன்றாவது தூண் வரைக்கும் இரண்டு கோடுகள். அந்தக் கோடுகளுக்குள் ஆள் நிற்க வேண்டும். அதுதான் அவர் வேலை.

"டேப் இல்லேன்னா அது க்யூ இல்ல, கும்பல். கும்பல்ல வேடிக்கை பாக்குறவன்தான் இருப்பான், வாங்குறவன் இருக்க மாட்டான்" என்பார்.

படக்கதைக் கம்பெனி ஒன்றின் ஸ்டாலைப் பதினேழு வருடமாக நடத்துகிறார். வருடத்துக்கு ஒரு முறை, மூன்று நாள், ரசிகர்கள் விதவிதமாக வேஷம் கட்டிக்கொண்டு கூடும் இடம். கம்பெனியின் நாயகன் நீல முகமூடிக்காரன். அவனுடைய பொம்மை, பேட்ஜ், பனியன் எல்லாம் இவரிடம்தான் வாங்க வேண்டும். அக்கம்பக்கத்து ஸ்டால்காரர்கள் இவரை 'க்யூ மாஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள். பாதி மரியாதை, பாதி நக்கல்.

முதல் ஆள் வந்து நின்றதும் இவருக்குக் கை கால் ஓடாது. பையைக் கையில் வைத்துக்கொண்டே மேசைக்கு அடியில் பை தேடுவார். பேனா எழுதாது. "எத்தனாவது பாகத்துலருந்து படிக்கிறீங்க?" என்று கதை வளர்ப்பார். அதற்குள் பின்னால் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். ஐந்தாவது ஆள் வந்து என்னவென்று எட்டிப் பார்த்ததும் பேனா எழுதும், பை அகப்படும், கை பறக்கும். "ஒருத்தன் நின்னா பைத்தியக்காரன். அஞ்சு பேர் நின்னா அங்க ஏதோ விஷயம் இருக்கு. அவ்வளவுதான் சார் ரகசியம்" என்று பக்கத்து ஸ்டால்காரரிடம் மட்டும் சொல்வார். இந்த ரகசியத்தை அவர் கம்பெனியில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. விட்டால் ஏமாற்று வேலை என்பார்களோ என்ற பயம்.

வீட்டில் கதை வேறு. "ஊரையே க்யூல நிக்க வைக்கிற மனுஷன், பால் வாங்க நாலு பேர் நின்னா வெறுங்கையோட திரும்பி வந்துடுவாரு" என்பாள் மனைவி. ஆஸ்பத்திரி, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பம் என்று அந்த வீட்டுக்கான வரிசை எல்லாவற்றிலும் நின்றவள் அவள்தான். பொம்மைக் கடை என்று சொல்லி, இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட ஸ்டாலை எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வருடம் வந்தாள். வர வேண்டியதாயிற்று. நீல முகமூடிக்காரனுக்கு மவுசு போய்விட்டது. போன வருடம் வரிசை முதல் தூணையே தொடவில்லை. எதிர் ஸ்டாலில் இருந்த பெரிய திரைக்கு முன்னால் ஜனம் தானாக மொய்த்தது. "மொத நாள் பன்னெண்டு மணிக்கு முதலாளியோட வருவேன். க்யூ மூணாவது தூண்ல இருக்கணும். இல்லேன்னா ஸ்டாலுக்கு முழுக்குதான், உங்களுக்குக் கிடங்கு" என்று மேலாளர் சொல்லிவிட்டார். கிடங்கு என்றால் ஜன்னல் இல்லாத கொட்டகையில் நாளெல்லாம் பெட்டி ஒட்டும் வேலை.

பதினொன்றுக்கு மனைவி, அவள் தங்கை, தங்கை புருஷன் மூவரும் கோட்டுக்குள் நின்றார்கள். சகலைக்கு நீல முகமூடி.

"சகலை, மூச்சு முட்டுதுய்யா."

"பன்னெண்டு வரைக்கும் முட்டட்டும். ஆளு மாதிரி நில்லு."

மனைவிக்கு வரிசை புதிதல்ல. பழகிய கால்கள். முன்னால் வந்து ஒரு பேட்ஜ் வாங்கினாள், தூணைச் சுற்றிப் போய் மறுபடி கடைசியில் நின்றாள். இரண்டாம் சுற்றில் அவளுக்குப் பின்னால் முன்பின் தெரியாத நாலு பேர். மூன்றாம் சுற்றில் அவளுக்குப் பின்னால் வரிசை வளைந்து போனது. பதினொன்றே முக்காலுக்கு அது மூன்றாவது தூணைத் தாண்டியது. பதினேழு வருடத்தில் இப்படி ஒரு வரிசையை அவரே கட்டியதில்லை.

முதலாளி வந்தார். "அடேங்கப்பா! எப்படிய்யா இவ்வளவு பேரு?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். "நம்ம ஹீரோவுக்கு இருக்கிற மவுசு சார். ஜனங்க தானா வந்து நிக்குறாங்க."

முதலாளிக்கு முகமெல்லாம் பல். மேலாளர் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"தானா வந்து நிக்குறவனுக்கு ஆள் எதுக்கு? அடுத்த வருஷம் ரெண்டு மெஷின் வச்சிரு. காசு போட்டா பொம்மை வரட்டும். இவரைக் கிடங்குக்கு மாத்திடு."

"சரிங்க சார்" என்றார் மேலாளர். போகும்போது இவர் தோளில் தட்டினார். "சூப்பர் க்யூ."

வரிசையில் முதலாவதாக நின்ற மனைவி ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். பேட்ஜுக்கு நீட்டிய கை அப்படியே நின்றது.

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். நேராக மூன்றாவது தூணுக்குப் போய் மண்டியிட்டார். அட்டை போட்டுக்கொள்ளவில்லை. டேப்பின் முனையை நகத்தால் கிளப்பி, பிடித்து இழுத்தார். அது சர்ரென்று உரிந்து வந்தது.

"சார், நாங்க இன்னும் வாங்கவே இல்லையே!"

"கொஞ்சம் காலைத் தூக்குங்க."

ஒவ்வொருவர் காலடியாக உரித்துக்கொண்டே தவழ்ந்து வந்தார். பின்னால் கோடு போன இடத்தில் வரிசை தளர்ந்து, கலைந்து, எதிர்த் திரையின் பக்கம் சாய ஆரம்பித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில், பழக்கப்பட்ட அந்தச் செருப்பு நிற்கும் இடத்துக்கு வந்தார். சொல்ல வாயெடுத்தார்.

அதற்கு முன்பே அவள், விழாமல் இருக்க ஒரு கையை அவர் தோளில் ஊன்றிக்கொண்டு, காலைத் தூக்கியிருந்தாள்.