பவளக் குச்சி என்று வாங்கிய செடி

என் கணவரின் கண்ணை எரித்தது பக்கத்துத் தோட்டக்காரர் அடித்த மருந்துதான் என்று மூன்று நாள் நான் உறுதியாக நம்பினேன்.

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி அவருடைய திராட்சைத் தோட்டம். எல்லைத் தகராறில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை குறைந்திருந்தது. காற்று எங்கள் பக்கம் வீசும் நாளாகப் பார்த்துத்தான் மருந்தடிக்கிறார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்த ஞாயிறு காலை கணவர் பின்பக்கம் செடிகளை வெட்டிவிட்டுக் கொண்டிருந்தார். திடீரென்று கண்ணை மூடியபடி சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். "எரியுது, திறக்க முடியல" என்றார். தண்ணீர் ஊற்றிக் கழுவியும் இமை வீங்கிவிட்டது. மதியத்துக்குள் பார்வை புகையாகிவிட்டது. கம்பத்தில் கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, என்ன பட்டது என்று தெரிந்து வரச் சொன்னார்.

நேரே தோட்டத்துக்குப் போனேன். "காலையில என்ன மருந்து அடிச்சீக, அண்ணே?"

"மருந்தடிச்சு எட்டு நாளாச்சே தாயி. இன்னைக்குத் தண்ணிதான் பாய்ச்சுனேன்."

ஸ்பிரேயரைக் காட்டினார். காய்ந்து கிடந்தது. கழுவி வெயிலில் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் தெருவில் இரண்டு வீடுகளில், அவர் அடித்த மருந்துதான் கண்ணை எரித்தது என்று சொல்லவும் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை அவரே கையில் ஒரு பச்சைக் குச்சியோடு வந்தார்.

"சுவத்தோரமா வெட்டிப் போட்டிருக்கீகளே, அது என்ன செடி?"

"பவளக் குச்சி. தேனி நர்சரியில வாங்குனது."

"எனக்கென்னமோ திருகுகள்ளி மாதிரி தெரியுது. இந்தா, என் வேலியில ஒடிச்சது. இதுல வர்ற பாலு கண்ணுல பட்டா அவ்வளவுதான்."

அவருடையது முழுப் பச்சை. எங்களுடையது நுனியெல்லாம் ஆரஞ்சு. தப்பிக்க எதையாவது சொல்கிறார் என்றுதான் பட்டது. ஆனாலும் அவர் போனதும், பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்த என் தோழிக்குப் படம் அனுப்பினேன். படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது என்று அவள் போனில் கூப்பிட்டாள்.

"முள் இருக்கா?"

"இல்ல. பென்சில் தடிமன்ல உருண்டையான குச்சி."

"நுனியில பொடி இலை? நிழல்ல இருக்கிற கிளை என்ன நிறம்? கையுறை போட்டுக்கிட்டு ஒண்ண ஒடி. முகத்துக்கிட்ட கொண்டு போகாத."

நுனியில் சீரகம் போலச் சின்ன இலைகள் இருந்தன. அடியில் நிழலில் இருந்த கிளைகள் பச்சை, அவர் கொண்டுவந்த குச்சியைப் போலவே. இரண்டையும் ஒடித்தேன். இரண்டிலும் வெள்ளைப் பால் கொட்டியது.

"திருகுகள்ளிதான். வெயில் பட்டா நுனி சிவக்கிற வகை. உடனே டாக்டர்ட்ட சொல்லு" என்றாள்.

கணவரிடம் கேட்டேன். வெட்டும்போது புறங்கையால் வியர்வையைத் துடைத்தது நினைவிருக்கிறது என்றார். டாக்டரிடம் சொன்னதும் மருந்தை மாற்றினார். பார்வை தெளிய பத்து நாளுக்கு மேலானது. செடியை நானே கையுறையும் கண்ணாடியும் போட்டு வேரோடு எடுத்தேன்.

பிறகு மன்னிப்புக் கேட்கப் போனேன். "கண்ணு தெரியுதுல்ல, விடு தாயி" என்றார் அவர். அவர் மனைவி விடவில்லை.

"எங்க வீட்டுக்காரர் விஷம் அடிச்சாருன்னு தெருவுல சொன்னீகளே, அத யாரு போய் மாத்திச் சொல்றது?"

அன்று சாயங்காலமே அந்த இரண்டு வீடுகளுக்கும் போய், தப்பு என்னுடையது, எரித்தது எங்கள் செடிதான் என்று சொன்னேன். ஒருத்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இன்னொருத்தி வாசல் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்க்கா, அவுக வந்து மிரட்டுனாகளா?"