இப்ப கையில என்ன இருக்கு?

பல்லாவரம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்களிடம் பிளஸ் டூ படித்த பர்வீன் பின்னாலிருந்து என் கையைப் பிடித்தாள். "மிஸ், எஸ்தர் மிஸ் காலைல போயிட்டாங்க மிஸ்." வரும் என்று தெரிந்த செய்திதான். தெரிந்து என்ன, பொறுக்கிய கத்தரிக்காயை அங்கேயே போட்டுவிட்டேன்.

எஸ்தரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? தாம்பரத்தில் ஒரே பள்ளி. அவள் இயற்பியல், நான் வேதியியல். நாங்களெல்லாம் பாடத்தை வாசித்து, "இது முக்கியம், கோடு போடு" என்போம். பிள்ளைகள் கோடு போட்டதை மட்டும் உருப்போடுவார்கள். எஸ்தர் வகுப்பில் கோடு கிடையாது. ஒருத்தி எழுந்து ஒரு வாக்கியம் வாசிப்பாள். முற்றுப்புள்ளி வந்ததும் எஸ்தர், "நிறுத்து. இப்ப கையில என்ன இருக்கு?" என்பாள். அந்த வாக்கியம் தந்ததைத் தன் பேச்சில் சொல்ல வேண்டும். "ஒரு வண்டி மிஸ். நிக்குது. இன்னும் ஓடல." அதற்குப் பிறகுதான் அடுத்த வாக்கியம்.

நானோ சரியான பயந்தாங்கொள்ளி. போர்ஷன் முடியாவிட்டால் தலைமையாசிரியர் ஸ்டாஃப் ரூமிலேயே வைத்துக் கிழித்துவிடுவார். "இப்படி ஊர்ந்தா மார்ச்சுல எங்கடி போய் நிப்ப?" என்று அவளைக் கேட்டேன். "பயத்துல கண்ணு வரியைத் தாவும் வசந்தா. பரீட்சைன்னா எல்லாருக்கும் பயந்தான். அதான் இப்பவே நிக்கப் பழக்கறேன்" என்றாள்.

பர்வீன் பிளஸ் டூ படித்த வருடம், வேதியியல் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மேசை மேசையாக விரட்டிக்கொண்டிருந்தார். பர்வீன் சோதனைக் குழாயைச் சூடாக்கிவிட்டு, அடர் கந்தக அமில பாட்டிலைத் தொடாமல் நின்றாள். "இன்னாமா வேடிக்கை? ஊத்து!" என்று கத்தினார். போச்சு, பெண்ணுக்கு மார்க் போச்சு என்று நான் மூலையில் ஒதுங்கினேன். பர்வீன் அழுதுவிடும் குரலில், "சார், கையில சூடான குழாய் இருக்கு. தாள்ல 'ஆறிய பின்'னு போட்டிருக்கு சார்" என்றாள்.

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைப் பெண் பதறித் தன் சூடான குழாயில் அமிலத்தை ஊற்றிவிட்டாள். அது சீறித் தெறித்தது. முகத்தைத் திருப்பியிருந்ததால் கண் தப்பியது. தாவணியெல்லாம் பொத்தல், கையிலும் சில துளி. அவள் கையைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தபோது, அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன். அதன் பிறகு என் ஆய்வகத்திலும் எஸ்தரின் கேள்வியைக் கேட்காமல் யாரையும் பாட்டிலைத் தொடவிட்டதில்லை.

போன மழைக்காலத்தில் எஸ்தர் என்னைக் கீழ்க்கட்டளை வீட்டுக்கு வரச்சொன்னாள். ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினாள். "நீயே படி. என் கண்ணு தாவுது." அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான். ஐயோ, இவளே பயந்தால் நான் எங்கே போவேன்! ஒவ்வொரு வாக்கியமாக வாசித்தேன், நிறுத்தினேன், அவள் தமிழில் சொன்னாள். "கல்லீரல்ல கட்டி. ஒண்ணு இல்ல, நிறைய. அடுத்தது." கடைசி வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டேன்.

"பாதியில நிறுத்தாதே. புள்ளியிலதானே நிறுத்தச் சொன்னேன்" என்றாள்.

வாசித்து முடித்தேன்.  "இப்ப கையில என்ன இருக்கு?" என்று அவளே கேட்டுக்கொண்டாள். ரிப்போர்ட்டை வாங்கி மடித்தபடி, "கொஞ்ச நாள் இருக்கு வசந்தா" என்றாள்.

சந்தையிலிருந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். தெருமுனைச் சுவரில் படத்தோடு அஞ்சலிச் சுவரொட்டி, பசை இன்னும் காயவில்லை. என் கண் அவள் பெயரைத் தாவி, அடக்க நேரத்துக்கு ஓடிவிட்டது. எஸ்தர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பழக்கம் அங்கேதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பயம் போகவில்லை, பயத்தோடேயே திரும்பிப் போய் முதல் சொல்லிலிருந்து வாசித்தேன். அவள் பெயரில் நின்றேன். இப்ப கையில என்ன இருக்கு என்று கேட்டுக்கொண்டேன்.

எஸ்தர் இல்லை. அதைச் சொன்ன பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன்.